மூன்று சுழி அடையாத ஏடு: பினாங்கில் தாள், பேனா, நூல் தேர்ந்த பதிவு

நாளுக்கு ஒரு பக்கம் குறிப்பெழுதும் நான்காவது ஏடு ஒரு மாதம் முழுக்க ஓடி முடிந்தது. 32 பக்கமும் மைப்பேனாவால் நிரம்பிவிட்டன. எந்தப் பக்கத்திலும் மை பின்புறம் இறங்கவில்லை. மேசைமேல் திறந்து வைத்தால் ஏடு தானாக மூடிக்கொள்வதில்லை. ‘அண்ணன்’ என்று எழுதிய இடங்களில் மூன்று சுழி ண-வின் சுழிகள் திறந்தே இருக்கின்றன. இதற்கு முந்திய மூன்று ஏடுகளும் மூன்று விதமாகக் கெட்டன. குறிப்பு எழுதத் தொடங்குபவர் எதை முதலில் வாங்கவேண்டும், எதைத் தள்ளிப்போடவேண்டும் என்பது அந்த மூன்றிலும்தான் தெளிவானது. அதனால் கெட்டவற்றையும் விடாமல் வரிசையாக எழுதுகிறேன்.

இடம் பினாங்குத் தீவு, ஜார்ஜ்டவுன். கடலிலிருந்து அதிகத் தூரமில்லை, அறையில் குளிர்சாதனம் கிடையாது. சுவரில் மாட்டிய சிறு ஈரமானி பெரும்பாலான நாள்களில் 75 முதல் 85 விழுக்காடு காட்டுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதைப் படிக்கவேண்டும். வறண்ட ஊர்களில் உட்கார்ந்து சோதித்துச் சொன்ன தாள் இங்கே அப்படியே நடந்துகொள்ளாது.

முதல் ஏடு: கனத்தைப் பார்த்து வாங்கியது

கடையில் வாங்கிய கெட்டி அட்டை ஏ5 ஏடு. 100 ஜி.எஸ்.எம். தாள், 5 மி.மீ. புள்ளிக்கட்டம், 32 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). கூடவே வாஷி டேப் எனும் அலங்காரக் காகித நாடா ஐந்து உருளை, 12 நிறத் தூரிகைப் பேனா ஒரு பெட்டி. தாள் கனமாக இருந்தால் மை இறங்காது என்ற கணக்கில் தேர்ந்தெடுத்தது. அந்தக் கணக்கே தப்பு. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற எடை மட்டுமே. மை தாளுக்குள் ஊறுமா, மேலேயே நின்று காயுமா என்பதைத் தீர்மானிப்பது ஆலையில் கூழோடு சேர்க்கும், அல்லது தாள்மேல் பூசும், நீர்காப்புப் பொருள். தொழிலில் அதைச் சைசிங் என்பார்கள். ஜப்பானின் தோமோயே ரிவர் தாளில் 52 ஜி.எஸ்.எம். வகை உண்டு. வெங்காயச் சருகு மாதிரி இருக்கும், ஆனாலும் மைப்பேனாக்காரர்கள் அதைத் தேடி வாங்குவது இதனால்தான். இந்த 100 ஜி.எஸ்.எம். ஏடோ மையைத் துணி போலக் குடித்தது.

தாள் மையிடம் மூன்று விதமாகத் தோற்கும். கோட்டின் ஓரத்தில் மயிரிழை மயிரிழையாக மை படர்வது ஒன்று. பின்பக்கத்துக்குப் புள்ளிபுள்ளியாக இறங்குவது இன்னொன்று. பின்பக்கம் நிழலாகத் தெரிவது மூன்றாவது. நிழலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், மெல்லிய தாளில் அது இருக்கத்தான் செய்யும், பிறகு அதுவே உதவப்போகிறது. இறங்குவது ஒரு பக்கத்தை வீணாக்கும். தமிழ் எழுதுபவருக்குப் பெரிய எதிரி படர்வதுதான்.

அளந்து பார்த்தால் ஏன் என்று புரியும். 7 மி.மீ. கோட்டில் இயல்பாக எழுதினால் எழுத்தின் உடல் சுமார் 3 மி.மீ. உயரம் வரும். அந்த அளவில் ண-வின் முதல் சுழி, பேனா ஓடும் தடத்தை வைத்து அளந்தால், குறுக்கே சுமார் 1 மி.மீ. பேனா 0.3 மி.மீ. கோடு போட்டால் சுழிக்குள் 0.7 மி.மீ. வெள்ளை மிஞ்சும். 0.5 போட்டால் பாதி மிஞ்சும். கோடு 0.7 போடும் மீடியம் நிப்பும் படரும் தாளும் சேர்ந்து கோட்டை 0.9 ஆக்கிவிட்டால் மிஞ்சுவது 0.1. கண்ணுக்கு அது கருப்புப் பொட்டு. மூன்று சுழி எது, இரண்டு சுழி எது என்று தெரியாது. எழுதியது ‘மணம்’ஆ ‘மனம்’ஆ என்பதை அடுத்த வாரம் வாக்கியத்தை வைத்துத்தான் ஊகிக்கவேண்டும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் இதே கதி. ஈர நிப்பு ஒரு நொடி கூடுதலாக நின்றால் புள்ளி பெருத்துக் கீழே உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் சோதித்துச் சொல்லும் தாள் விமர்சனங்களில் இந்தக் குறை பிடிபடவே படாது.

அதற்கென்று ஒரு சோதனை வரி அமைத்துக்கொண்டதுதான் முதல் ஏட்டின் பலன்: ‘அண்ணன் ஞாயிறன்று கீழே நூறு கிண்ணம் எண்ணினான்.’ ண-வும் ன-வும் அடுத்தடுத்து வருகின்றன, ஞ இருக்கிறது, மேலே வளையும் கீ-யும் கீழே இறங்கும் நூ-வும் இருக்கின்றன, புள்ளிகளும் உண்டு. இதை வழக்கமான வேகத்தில் எழுதவேண்டும், பார்த்துப் பார்த்து எழுதினால் சோதனை பொய்யாகிவிடும். பக்கத்தில் 1 செ.மீ. சதுரம் ஒன்றைக் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு நிரப்பவேண்டும். 30 நொடி கழித்து விரலால் தேய்த்துப் பார்ப்பது, 10 நிமிடம் கழித்துத் தாளைத் திருப்பிப் பார்ப்பது, கைபேசிக் கேமராவைக் கிட்டக் கொண்டுபோய்ப் பெரிதாக்கிச் சுழிகளைப் பார்ப்பது. கடைக்குப் போகும்போது உங்கள் பேனாவையே கொண்டுபோங்கள். மாதிரி ஏடு வைத்திருக்கும் கடைகளில் ‘எழுதிப் பார்க்கலாமா’ என்று கேட்டு இந்த ஒரு வரியை எழுதிவிட்டால் போதும், 32 வெள்ளி மிச்சம்.

5 மி.மீ. புள்ளிக்கட்டமும் தமிழுக்கு ஒத்துவரவில்லை. ஒரு கட்டத்துக்கு ஒரு வரி என்றால் மேல்வரியின் கூ, டூ ஆகியவற்றின் வாலும் கீழ்வரியின் கீ, றீ கொக்கியும் முட்டிக்கொள்கின்றன. இரண்டு கட்டத்துக்கு ஒரு வரி என்றால் 10 மி.மீ., பக்கம் வெறிச்சோடிப் போகிறது. அட்டவணையும் படமும் போடுபவருக்குப் புள்ளிக்கட்டம் சரி. வரிவரியாக எழுதுபவருக்குக் குறைந்தது 7 மி.மீ., தாராளமாக 8 மி.மீ. வேண்டும். கொக்குயோ கேம்பஸ் ஏடுகளில் ஏ கோடு 7 மி.மீ., பி கோடு 6 மி.மீ., அட்டையில் எழுத்தைப் பார்த்து ஏ எடுக்கவேண்டும்.

வாஷி டேப்பும் தூரிகைப் பேனாவும் பெட்டியிலேயே இருக்கின்றன. டேப் ஒட்டிய பக்கங்கள் தடித்து ஏட்டின் வாய் பிளந்துகொண்டது. தூரிகைப் பேனாவின் நீர்மை அந்தத் தாளில் நேராகப் பின்பக்கம் போனது. அலங்காரப் பொருள்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. தாள் நிலைப்பட்ட பிறகு, அந்தத் தாளில் சோதித்துப் பார்த்து ஒவ்வொன்றாக வாங்கலாம்.

பேனா

ஏட்டை மாற்றுவதற்கு முன் பேனாவைத் தீர்த்துக்கொண்டேன். சோதனை வரியை ஐந்து பேனாவில் எழுதிப் பார்த்தது இப்படி: 0.7 பந்துமுனைப் பேனா எந்தத் தாளிலும் படரவில்லை, அதன் மை எண்ணெய்ச் சார்பு உடையது. ஆனால் அழுத்தி எழுதுவதால் பின்பக்கம் மேடு விழுகிறது, நீளமாக எழுதினால் விரல் வலிக்கிறது. 0.5 ஜெல் பேனா சுத்தமான கோடு, ஆனால் இந்த ஈரத்தில் காயக் கூடுதல் நேரம் எடுக்கிறது. 0.38 ஜெல்லில் சுழிகள் மிக நன்றாகத் திறந்திருந்தன. மீடியம் நிப்பு மைப்பேனா தோற்றது. பிளாட்டினம் பிரெப்பி 03, அதாவது ஃபைன், நல்ல கோடு. இதே பேனா 02, 03, 05 என்று மூன்று அளவில் வருகிறது, தமிழுக்கு 03 எடுக்கவேண்டும். 02 சொரசொரப்பான தாளில் கீறும். பொதுவாக ஜப்பானிய ஃபைன் நிப்பு ஐரோப்பிய ஃபைனைவிட ஒரு படி மெல்லியது, பெட்டியில் ‘எஃப்’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பக்கூடாது.

மைப்பேனாவில் ஈடுபாடு இல்லாதவர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 0.38 ஜெல் பேனாவும் 7 மி.மீ. கோடு போட்ட சாதாரணப் பள்ளி நோட்டும் போதும், இரண்டும் சேர்த்து 10 வெள்ளிக்குள் முடிந்துவிடும். நல்ல தொடக்கம் அது. கீழே வருவது மைப்பேனாவோடுதான் எழுதுவேன் என்பவர்களுக்கு.

இரண்டாவது ஏடு: ஏ4 தாளை மடித்தது

அச்சிடும் அலுவலகத் தாளில் சில வகைகள் மைக்கு நன்றாகத் தாங்குகின்றன. லேசர், மைத்தெறிப்பு அச்சுக்கு என்று 80 ஜி.எஸ்.எம். கட்டுகள் மூன்று வகை வாங்காமல், தெரிந்தவர்களின் அலுவலகங்களிலிருந்து வகைக்கு இரண்டு தாள் கேட்டு வாங்கிச் சோதனை வரியை எழுதினேன். ஒரு வகை படர்ந்தது, இரண்டு தாங்கின. தாங்கியதில் ஒன்றை ஏ4 கட்டாக 15 வெள்ளிக்கு வாங்கி, 20 தாளை நடுவில் மடித்து, நீளக்கை ஸ்டேப்ளரில் இரண்டு ஊசி அடித்தேன். 80 பக்க ஏடு.

கெட்டது தாளின் எழுத்துப் பரப்பு அல்ல, ஏட்டின் உடல். முதலாவது, ஏடு மடிந்து நிற்கவில்லை, எந்நேரமும் வாயைத் திறந்துகொண்டே இருந்தது, இரண்டு வாரத்தில் பக்கங்கள் அலை அலையாக நெளிந்தன. இரண்டாவது, 20 தாளை ஒரே மடிப்பாக மடித்ததால் உள்தாள்கள் வெளியே தள்ளப்பட்டு ஓரம் கிட்டத்தட்ட 2 மி.மீ. சரிந்து நின்றது. 80 ஜி.எஸ்.எம். தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ. தடிமன், 20 தாளுக்கு அது சேர்ந்துவிடுகிறது. மூன்றாவது, ஆறு வாரத்தில் ஊசிகள் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் பழுப்புக் கறை இறங்கியது. கடலோர ஊரில் வைத்துக்காக்க வேண்டிய ஏட்டுக்கு ஸ்டேப்ளர் கூடவே கூடாது.

வாய் திறப்பதற்கும் நெளிவதற்கும் காரணம் தாளின் இழை ஓட்டம். இயந்திரத்தில் தாள் ஓடும் திசையில் பெரும்பாலான நார்கள் படுத்திருக்கும். அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் தாள் பணிந்து மடியும், குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். ஈரம் குடிக்கும்போது தாள் நீள்வதும் இழைக்குக் குறுக்கேதான் அதிகம். ஏ4 அலுவலகத் தாளில் இழை பெரும்பாலும் 297 மி.மீ. பக்கமாக ஓடுகிறது. ஏ5 ஏட்டுக்கு மடிப்பு 210 மி.மீ. பக்கமாக விழும், அதாவது இழைக்கு நேர் குறுக்கே. மடிப்பு நார்களை உடைத்துக்கொண்டு நிற்கிறது, ஈரத்தில் விரியும் பக்கமோ மடிப்போடு தைத்துப் பிடிக்கப்பட்டிருக்கிறது. நெளியாமல் என்ன செய்யும்?

இழையைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரே தாளிலிருந்து 2 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள், ஒன்று தாளின் நீளவாட்டில், மற்றது அகலவாட்டில். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரு முனையைப் பிடித்துப் படுக்கையாக நீட்டி, பிறகு மேல் கீழாக மாற்றிப் பாருங்கள். அதிகமாகத் தொங்கும் துண்டு இழைக்குக் குறுக்கே வெட்டியது. சந்தேகம் இருந்தால் ஒரு சிறு சதுரத்தின் ஒரு பக்கத்தை ஈரமாக்கினால் அது குழாயாகச் சுருளும், குழாயின் நீளமே இழையின் திசை.

தீர்வு ஏ3. ஏ3 தாளில் இழை 420 மி.மீ. பக்கமாக ஓடினால், அதை நடுவில் வெட்டிக் கிடைக்கும் ஏ4-இல் இழை 210 மி.மீ. பக்கமாக வந்துவிடும். மடிப்பும் இழையும் ஒரே திசை. இந்த ஒரு மாற்றத்துக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதத் தோன்றியது. கூடுதல் செலவு அதிகமில்லை, பலனோ மடித்த அந்த நொடியிலேயே கைக்குத் தெரிகிறது. இழைக்கு இணையான மடிப்பு நகத்தால் ஒருமுறை நீவினாலே படிந்து கிடக்கிறது.

மூன்றாவது ஏடு: நூலும் ஈரமும்

80 ஜி.எஸ்.எம். ஏ3 கட்டு, 500 தாள், 34 வெள்ளி. அச்சுக்கடையில் மலாயில் ‘பொத்தோங் டுவா’ என்றால் பெரிய கத்தியில் வைத்து இரண்டாக வெட்டிக் கொடுப்பார்கள், 3 வெள்ளி வாங்கினார்கள். முதல் வெட்டில் இரண்டு பாதியும் 2 மி.மீ. வித்தியாசத்தில் வந்தன. கட்டைத் தட்டி ஓரம் சேர்க்காமல் வெட்டியதால் வந்த வினை. அடுத்த முறை 210 மி.மீ. அளவை மேல்தாளில் பென்சிலால் குறித்துக் கொடுத்து, ஆலையில் வெட்டி வந்த ஓரத்தைப் பின்தட்டோடு சேர்க்கச் சொன்னதும் சரியானது. மடிக்கும்போதும் ஆலை ஓரங்களை ஒரு பக்கமாகச் சேர்த்து அடுக்கவேண்டும்.

எத்தனை தாள் என்ற கேள்விக்கும் இந்தக் கட்டத்தில் விடை கிடைத்தது. எட்டு ஏ4 தாளை மடித்தால் 16 இலை, 32 பக்கம். மாதத்துக்கு ஓர் ஏடு, நாளுக்கு ஒரு பக்கம், 31 நாள் மாதத்திலும் முகப்புக்கு ஒரு பக்கம் மிஞ்சும். உள்தாள் தள்ளுவது 0.8 மி.மீ.-க்குள் அடங்குகிறது. ஏடு கெட்டாலும் ஒரு மாதத்தோடு போயிற்று. தொடங்குபவர் 250 பக்க ஏட்டை வாங்கி, பாதியில் பேனாவோ தாளோ பிடிக்காமல் போய் மூலையில் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

நூலில்தான் இந்த ஏடு சறுக்கியது. லிட்டில் இந்தியாவில் பூக்கடையிலிருந்து பூக்கட்டும் நூல் ஓர் உருண்டை வாங்கித் தைத்தேன். பருத்தி, முறுக்குக் குறைவு. துளைக்குள் இரண்டாம் முறை ஓடும்போதே பிசிர் கிளம்பியது, மூன்று வாரத்தில் முடிச்சு தளர்ந்து நடுத்தாள் ஆடியது. ஊசியும் தவறு: கோணி ஊசியின் துளை பெரிது, நூல் அதில் தொளதொளத்தது. தோல் தைக்கும் 0.8 மி.மீ. மெழுகு நூலும் சோதித்தேன், அது முரடு, இழுத்தால் தாளை அறுக்கிறது. சரியாக அமைந்தது தையல் சாமான் கடையில் கிடைக்கும் ஜீன்ஸ் தைக்கும் பாலியஸ்டர் நூல். அதை மெழுகுவத்தியின் மேல் இரண்டு முறை இழுத்துவிட்டால் சிக்கலும் விழாது, முடிச்சும் வழுக்காது. ஊசி, எம்பிராய்டரிக்கான பெரிய கண் ஊசி.

அதைவிடப் பெரிய தவறு, வெட்டி வந்த ஆயிரம் ஏ4 தாளையும் அலமாரியில் திறந்து வைத்தது. மூன்று வாரம் மழை. அதே தாள், அதே பேனா, அதே மை, ஆனால் சோதனை வரி படர்ந்தது. கட்டிலிருந்து எடுத்த அன்று எழுதிய வரியையும் மூன்று வாரம் கழித்து எழுதிய வரியையும் அடுத்தடுத்து வைத்துக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் வரியில் ண-வின் ஓரம் கத்தியால் வெட்டியது போல் இருந்தது. இரண்டாவதில் அதே எழுத்தைச் சுற்றி மெல்லிய வேர்கள் கிளம்பி, முதல் சுழிக்குள் பாதிவரை போயிருந்தன. தாள் குடித்த ஈரம் மையை நார் வழியே இழுத்துப் போகிறது. தாள் நல்லதில்லை என்று கட்டையே தூக்கிப் போடப் பார்த்தேன், குற்றம் தாளில் இல்லை.

மீட்க முடிந்தது. தாளைப் பத்துப் பத்தாக ஏ4 ஜிப் உறையில் போட்டு, உறைக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல் வைத்து மூடி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கினேன். நான்கு நாளில் நெளிவு போய்விட்டது, படர்தலும் பெரும்பாலும் நின்றுவிட்டது. உறைக்குள் வைத்த ஈரமானி 50 காட்டியது. இப்போது ஏ3 கட்டின் உறையை முழுதாகப் பிரிப்பதே இல்லை. ஆலை போட்டுவரும் உறை ஈரம் புகாதது, தேவைக்கு 40 தாள் மட்டும் எடுத்து உடனே மடித்து டேப் ஒட்டிவிடுகிறேன். சிலிக்கா ஜெல்லின் நிறம் மாறியதும் வாணலியில் வைக்காமல் ஓவனில் 120 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும்.

எழுதும்போது கைக்கு அடியில் ஒரு தாள் துண்டு வைப்பதும் இந்த ஊருக்குக் கட்டாயம். உள்ளங்கை வேர்வையும் எண்ணெயும் படிந்த இடத்தில் மை ஒரு பக்கம் ஒட்டாது, இன்னொரு பக்கம் ஊறும். பக்கத்தின் கீழ்ப்பாதி மட்டும் மோசமாக இருந்தால் தாளைத் திட்டாமல் கையைப் பாருங்கள்.

மை

பள்ளிக்கூட நீல மை தண்ணீர் பட்டால் கரைந்து போகும். மழையில் நனையும் பையில் வைத்திருப்பவருக்கு அது ஆகாது. நிறமித்துகள் மை, உதாரணமாகப் பிளாட்டினம் கார்பன் பிளாக், தண்ணீருக்கு அசையாது, ஆனால் பேனாவை நாள்கணக்கில் சும்மா போட்டால் உள்ளே உறைந்துவிடும். நடுவழி இரும்புச்சத்து மை. பிளாட்டினத்தின் புளூ பிளாக் அந்த வகை. எழுதும்போது நீலம், காற்றுப் பட்டுக் கருக்கும், தண்ணீர் பட்டாலும் எழுத்து மிஞ்சும். சுமாரான தாளிலும் படர்வது குறைவு, சுழிகளுக்காக அதைத்தான் வைத்துக்கொண்டேன். மாதம் ஒருமுறை, ஏடு மாற்றும் நாளில், நிப்பைக் குழாய்த் தண்ணீரில் நிறம் போகும்வரை கழுவவேண்டும். வெந்நீர் வேண்டாம்.

நான்காவது ஏடு: ஓடியது

நான்கு ஏ3 தாளை வெட்டி எட்டு ஏ4. இரண்டிரண்டாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மர ஸ்கேலின் விளிம்பால் நீவி, ஓர் இரவு இரண்டு அகராதிக்கு நடுவில். அட்டைக்கு 230 ஜி.எஸ்.எம். அட்டைத்தாள். மடிக்குமுன் மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் ஸ்கேலை ஒட்டி ஒரு தடம் அழுத்திக்கொண்டால் மடிப்பு நேராக விழும்.

துளைக்கு ஒரு வழிகாட்டித் தாள்: 210 மி.மீ. உயரத்தில் 15, 60, 105, 150, 195 என்று ஐந்து குறி. அதை நடுமடிப்பில் வைத்து, ஏட்டைப் பாதி திறந்த பழைய தொலைபேசிப் புத்தகத்தின் மடியில் கிடத்தி, ஜியோமெட்ரி பெட்டியின் காம்பஸ் முள்ளால் மடிப்புக் கோட்டிலேயே குத்தினால் அட்டைவரை நேராகப் போகும். மேசையில் வைத்துக் குத்தியபோது முள் சாய்ந்து அட்டையில் துளை 2 மி.மீ. தள்ளி வந்தது. கருப்புக் கிளிப் இரண்டு மேலும் கீழும், தாள் துண்டு வைத்து மாட்டவேண்டும், இல்லாவிட்டால் பல் பதியும்.

நூல் 65 செ.மீ., ஏட்டின் உயரத்தைப் போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல். உள்ளிருந்து மூன்றாம் துளை வழியாக வெளியே, உள்ளே 8 செ.மீ. வால் விட்டு. வெளியே நடந்து நான்காம் துளையில் உள்ளே, ஐந்தில் வெளியே, திரும்ப நான்கில் உள்ளே. இப்போது நடுத்துளையைத் தாண்டி உள்பக்கமாகவே நேராக இரண்டாம் துளைக்குப் போய் வெளியே, ஒன்றில் உள்ளே, இரண்டில் வெளியே, கடைசியாக மூன்றில் உள்ளே. இரண்டு முனைகளும் அந்த நீள நூலின் இருபுறமும் நிற்கவேண்டும், ஒரே புறம் நின்றால் முடிச்சு நூலைப் பிடிக்காது. ஒவ்வொரு துளையிலும் நூலை மடிப்பின் வாட்டத்தில் இழுங்கள், மேல்நோக்கி இழுத்தால் தாள் கிழியும். இரண்டு முடிச்சு, முனைக்கு 1 செ.மீ. விட்டு வெட்டு. அந்த ஊசியும் நூலும் ஏற்கெனவே பழகிய கைக்குப் பத்து நிமிட வேலை.

பசை எதுவும் தேவைப்படவில்லை. அட்டைக்குள் துணி ஒட்ட விரும்புபவர் பி.வி.ஏ. வெள்ளைப் பசையைப் பயன்படுத்தவேண்டும். வீட்டில் காய்ச்சும் மைதாப் பசை இந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், ராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து.

கோடு போட்ட தாள் தேவையே இல்லை என்பது கடைசியில் கிடைத்த ஆதாயம். ஒரு தனித்தாளில் 8 மி.மீ. இடைவெளியில் 24 கோடு, ஒவ்வொன்றும் 1 மி.மீ. தடிமனில் கருப்பு மார்க்கரால் போட்டு எழுதும் பக்கத்துக்கு அடியில் வைத்தால் 80 ஜி.எஸ்.எம். தாளில் நிழலாகத் தெரிகிறது. 24 வரிக்கு 192 மி.மீ., மேலும் கீழும் 9 மி.மீ. மிஞ்சும். எழுதி முடித்து உருவினால் பக்கம் வெறுமையாக, வரிகள் நேராக. கணக்கு எழுதும் நாளுக்குக் கட்டம் போட்ட இன்னொரு அடித்தாள்.

செலவு, கொடுத்த விலையில்: ஏ3 கட்டு 34, வெட்டுக்கூலி 3, அட்டைத்தாள் பத்து 6, ஊசி 2, நூல் 50 மீட்டர் 7, கிளிப் 4, பேனா 17, மைக் குழல்கள் ஒரு பொட்டலம் 20, ஆக 93 வெள்ளி. ஏடு ஒன்றுக்குத் தாள் 27 காசு, அட்டை 60, நூல் 9, ஒரு வெள்ளிக்குள் அடக்கம். ஒரு கட்டில் 125 ஏடு வரும். அது ஒருவருக்குப் பத்து ஆண்டுக்கு மேல் என்பதால், நான்கு பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வதே சரி. உறை பிரித்த கட்டை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க இந்த ஊர் விடாது. மாறாக, முதலில் வாங்கி மூலையில் கிடக்கும் ஏடு, டேப், தூரிகைப் பேனாவுக்கு மட்டும் 86 வெள்ளி போயிருக்கிறது.

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குத் தாளைத் தொட்டுப் பார்த்து வாங்க வாய்ப்பு அதிகம். சூரியா கே.எல்.சி.சி.-யில் உள்ள கினோகுனியா புத்தகக் கடையிலும், பங்சாரில் உள்ள சிப்லீ எழுதுபொருள் கடையிலும் ஜப்பானியத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். அங்கேயும் சோதனை வரி அதேதான்.

நான்காவதில் மிஞ்சிய குறை அட்டை. ஏ4 அளவில் வாங்கியதால் அதன் இழை குறுக்கே ஓடி, மடிப்பில் நிறம் வெடித்து வெள்ளைக் கோடு தெரிகிறது. ஐந்தாவதுக்கு அட்டையையும் ஏ3-இல் வாங்கி வெட்டக் கொடுத்திருக்கிறேன். ஓரத் துளைகளை 15-லிருந்து 20 மி.மீ.-க்கு உள்ளே தள்ளப்போகிறேன், பையில் தேய்ந்து கீழ்முனை சற்று நைந்திருந்தது. எட்டுத் தாளும் மடித்தாயிற்று, அகராதிகளுக்கு நடுவில் இருக்கின்றன.